எழுபது நாளுக்கு முன்னால்

என்னை வாழ்க்கையில் அதிகமாக எரிச்சல்படுத்தியவர் யார் என்று கேட்டால் என் மேலாளரைச் சொல்லமாட்டேன், மாமனாரையும் சொல்லமாட்டேன். பெங்களூர் அல்சூரில் ஒரு குழந்தைப்பேறு க்ளினிக்கின் லேபில் வேலை பார்த்த ஒரு அம்மாவைத்தான் சொல்வேன். பெயர் தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், ஆனால் எப்போதும் திரும்பிக்கொண்டு வெள்ளை முதுகைத்தான் காட்டும். வருகிறவர்கள் அவரை சிஸ்டர் என்றார்கள். அவர் நர்ஸ் இல்லை. நான் மேடம் என்றேன். அந்த க்ளினிக் இப்போது அங்கே இல்லை, கீழே இருந்த டயர் கடை மட்டும் இருக்கிறது.

நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, காட்டன் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ. வீடு மர்பி டவுனில். மைக்ரோஸ்கோப் முன்னால் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்போதும் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். பார்க்கிற நமக்கும் ஆடத் தொடங்கிவிடும்.

அவருடைய வேலை விந்தணுக்களை எண்ணுவது. ஒரு சின்னக் கண்ணாடித் தகடு, அதில் மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற கட்டங்கள். கட்டைவிரலால் அமுக்குகிற ஒரு எண்ணும் கருவி; கோயில் வாசலில் கூட்டத்தை எண்ண வைத்திருப்பார்களே, அதேதான். ஒரு அணுவுக்கு ஒரு டிக். பாட்டிலை வாங்குகிற சின்ன ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் வரும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளமாட்டோம். போனைப் பார்ப்பதுபோல பாவனை செய்துகொண்டு, உள்ளே யாருடையதோ எண்ணப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

எண்ணி முடித்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. மாட்டார். எண்ணிக்கை குறைந்தால் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பார்.

"ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒன்றும் நடக்கவில்லை என்போம். விடமாட்டார். ஜன்னல் பக்கத்தில் சர்ச்சில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். மாதம் முடிந்தாலும் தாளைக் கிழிக்காமல் ஆணிக்குப் பின்னால் மடக்கி வைத்திருப்பார். அதைப் பின்னோக்கிப் புரட்டி, ஒரு தேதியில் விரலை வைத்து, "இங்க" என்பார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல் இருக்கும். அதற்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அதுக்கு முன்னாடி?"

ஃப்ரேசர் டவுன் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்த ஒருவரை இப்படித்தான் துளைத்தெடுத்தார். அவர் சத்தியம் செய்யாத குறை. மூன்றாவது 'அதுக்கு முன்னாடி'யில், கவுண்டரிலிருந்து தந்தூர் அடுப்புக்குத் தன்னை மாற்றிவிட்டார்கள் என்று வாயைத் திறந்தார். "உடம்புக்குள்ள இருக்கிற சூடே அதுக்கு ஆகாதுன்னுதான் ஆண்டவன் ரெண்டையும் வெளிய தொங்கவிட்டிருக்கான். நீங்க கொண்டுபோய் அடுப்பு முன்னாடி நிறுத்தியிருக்கீங்க" என்றார் அந்த அம்மா. பெஞ்சு முழுக்கச் சிரிப்பை அடக்கியது. ஜிம் மாஸ்டர் ஒருவர் கை சட்டைக்குள் அடங்காமல் வந்திருந்தார். எண்ண ஒரு அணுகூட இல்லை. கேட்டுக் கேட்டு, சதை ஏற ஊசி போட்டுக்கொண்டதைக் கறந்துவிட்டார். ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து வந்துவிட்டால் உள்ளே இருக்கிறவன் கடையைச் சாத்திவிடுவான் என்று விளக்கமும் சொன்னார். இன்னொரு நாள், ஒரு மாமியார் ஜன்னலில் வந்து, என் பையன் ஆம்பளை, அவனுக்கு எதற்கு டெஸ்ட் என்று சண்டைக்கு நின்றார். "ஆம்பளைங்கறதாலதாம்மா டெஸ்டு. பொம்பளைக்கு இந்த டெஸ்டு கிடையாது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்ப்பவன். சர்வர் விழுந்தால், விழுவதற்கு முன்னால் எவன் என்ன மாற்றினான் என்று தோண்டுவதுதான் என் பிழைப்பு. ஆகவே அந்த அம்மாவின் கேள்வி எனக்குப் புரியாததல்ல. என்னிடம் கேட்டதுதான் பிடிக்கவில்லை.

எனக்கும் சுதாவுக்கும் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் குடியாத்தம், அவள் வேலூர், குடியிருந்தது ஜோகுபாளையத்தில். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வருஷமாக டெஸ்ட் எல்லாம் அவளுக்குத்தான் நடந்தது. ரத்தம், ஸ்கேன், மாத்திரை, ஊசி, வெள்ளிக்கிழமை விரதம். கருக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படமெடுத்த அன்று வலியில் என் கையைப் பிடித்ததில் நகம் பதிந்து ரத்தம் வந்தது. எல்லாம் நார்மல் என்றே வந்தது. நார்மல் என்று வரவர அடுத்த டெஸ்டுக்கு எழுதினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவும் போகவில்லை. அல்சூர் க்ளினிக்கின் டாக்டர்தான் முதல் நாளே என் பக்கம் பேனாவை நீட்டி, முதலில் இவர் என்றார்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். விரையில் எப்போதாவது அடி, வீக்கம், வலி உண்டா என்று ஒரு கேள்வி. சுதாவின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

முதல் மாதிரியை வீட்டிலிருந்தே கொண்டுவர அனுமதித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்றார்கள். எப்படி என்று நான் கேட்கவில்லை. இதையெல்லாம் எவன் கேட்பான்? கெட்டுப்போகிற பொருளை எப்படிக் கொண்டுபோவோமோ அப்படியே, சுதாவின் சாப்பாட்டுப் பையில் சுற்றிலும் ஐஸ் பாக்கெட் வைத்து நடுவில் பாட்டிலைப் பத்திரப்படுத்தினேன். ஆட்டோவில் போகும்போது என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன். ஜன்னலில் நீட்டியதும் அந்த அம்மா பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார், பையை எட்டிப் பார்த்தார்.

"ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வர்றதுக்கு இதென்ன மீனா?"

சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் ஒட்டினாற்போல் கொண்டுவரவேண்டுமாம். நானும் விடாமல், உறைய வைத்துப் பல வருஷம் வைத்திருக்கிறார்களே என்று கூகுள் ஞானத்தை எடுத்துவிட்டேன். அது மருந்து கலந்து முறைப்படி உறைய வைப்பது, இது குளிரில் விறைத்துச் சாவது என்றார். மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். வாட்ச்மேனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் என் பையைப் பார்த்துச் சிரித்தார். அன்று முழுக்க எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை.

மூன்று நாள் கழித்துப் போனது தீபாவளிக்கு முந்தின வாரம். எனக்கு முன்னால் போனவருடையதற்கு டிக் டிக் என்று மழை மாதிரி சத்தம். அடுத்தது என்னுடையது. சத்தம் வரவில்லை. காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். உள்ளே ஏதோ சுழல்கிற சத்தம் கேட்டு நின்றது. திரவத்தைச் சுழற்றி அடியில் படிவதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகும் டிக் வரவில்லை.

தலை நீண்டது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் என்ன? எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஆகஸ்டில் டெங்கு, ஒன்பது நாள் காய்ச்சல். அந்த அம்மாவின் கால் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. என் டோக்கன் சீட்டைத் திருப்பி ஒரு உருண்டை வரைந்து, உள்ளே நூல்கண்டு போலக் கிறுக்கினார். விரைக்குள் இப்படித்தான் நூல் நூலாகக் குழாய்கள். அவற்றின் சுவரில் தாய் செல்கள். அவை பிரிந்து பெருகி, குரோமோசோம் பாதியாகக் குறைந்து, வால் முளைத்து, பின்னாலிருக்கும் இன்னொரு சுருள் குழாய்க்குள் போய் நீந்தப் பழகி வெளியே வர எழுபது நாளுக்கு மேல் ஆகும். அதனால் இன்று பார்ப்பது இன்றைய செய்தி இல்லை. பெரிய காய்ச்சல் அன்று தயாராகிக்கொண்டிருந்ததையெல்லாம் அழித்திருக்கலாம். பொங்கலை ஒட்டி மறுபடி வாருங்கள், அதுவரை எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றார். டாக்டரும் அதையே சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. டெங்குவை அப்படி நேசித்த ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். ரிப்போர்ட்டை ஆபீஸ் டிராயரில் போட்டுப் பூட்டினேன். சுதாவிடம், காய்ச்சல் வந்ததால் இப்போது டெஸ்ட் எடுக்கக்கூடாதாம், ஜனவரியில் வரச் சொன்னார்கள் என்றேன். அவள் நம்பினாள். அன்று ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஊசிக்கு லீவு கிடைக்குமா என்று கவலைப்பட்டாள்.

அந்த இரண்டரை மாதத்தில் நடந்த ஒன்றைத்தான் சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாது.

ஆஸ்டின் டவுனில் என் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. அவளும் சுதாவும் நல்ல சிநேகம். சிவாஜிநகருக்கு இரண்டு நடை போய் அளவு பார்த்து வளையல் வாங்கியதே சுதாதான். என் அம்மா குடியாத்தத்திலிருந்து வந்திருந்தார். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். தட்டை ஏந்திக்கொண்டிருந்த சுதா, தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஜோடி பச்சை வளையலை எடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை.

"நீ அப்பறம் போடலாம்மா. மொதல்ல புள்ள பெத்தவங்க போடட்டும்."

சுதா வளையலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, புளிசாதம் பொட்டலம் கட்ட உள்ளே போனாள். அந்த 'அப்பறம்' வரவேயில்லை. நான் வாசலில் வாழையிலைக் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் டிராயரில் இருக்கிற தாள் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். இலைக்கட்டை வைத்துவிட்டு வெளியே போய், பக்கத்திலிருந்த மைதானத்தைச் சுற்றி வந்தேன், மறுபடி சுற்றி வந்தேன். டெங்குதான் காரணம், ஜனவரியில் சரியாகிவிடும், சரியாகப் போகிறதை எதற்குச் சொல்லிப் பெரிதாக்குவது என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

ஜனவரியில் போனபோது லேப் ஜன்னலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காலண்டர் புதிது; பழையதும் அதன் பின்னாலேயே தொங்கியது. பெஞ்சில் அந்தத் தந்தூர்க்காரர் இருந்தார். மறுபடியும் கவுண்டருக்கு மாறிவிட்டாராம். அவருடையதை எண்ணும் சத்தம் நிற்காமல் வந்தது. முதல்முறையாக ஒரு பெஞ்சுக்காரர் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு என் முறை. சுழலும் சத்தம். அது நின்றதும் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினேன். ஒரு டிக் வராதா என்று அப்படி ஏங்கினேன். கால்மணி நேரம் இருக்கும். அந்த அம்மா அடியில் படிந்ததை ஒவ்வொரு மூலையாகப் பார்த்திருக்கவேண்டும். கடைசியில் ஜன்னலில் தலை வரவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஆளே வந்தார். படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"அதுக்கு முன்னாடி?"

"டெங்குதான் மேடம். போன தடவையே சொன்னேனே."

"அது வடிஞ்சு போச்சு சார். அதுக்கும் முன்னாடி."

பின்னோக்கி நடத்தினார். வேலை, கல்யாணம், காலேஜ் ஹாஸ்டல். விபத்து உண்டா, ஆபரேஷன் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பள்ளிக்கூட வயசுக்கு வந்தோம். பதினாறு வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது என்றேன்.

கன்னம் இரண்டும் வீங்கிப்போய், பள்ளிக்கூடத்துக்கு லீவு. எங்கள் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள், வீக்கம் வடிந்துவிடும் என்று. அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கன்னத்தில் பூசினார். கன்னம் வடிந்தது. ஆறாம் நாள் கீழே வீங்கியது, இரண்டு பக்கமும். நடக்கமுடியவில்லை. அதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வயிற்றுவலி என்று சொல்லிச் சுருண்டு படுத்துக்கொண்டேன். ஓமத் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பத்து நாளில் வலி போய்விட்டது. பிறகு இரண்டும் முன்பைவிடச் சிறுத்துப்போனதை நான் கவனித்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. படிவத்தில் இல்லை என்று டிக் அடித்த அன்றும் எனக்கு இது ஞாபகம் இருந்தது.

"ரெண்டு பக்கமுமா?" என்று மட்டும் கேட்டார். கால் ஆடாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு சொன்னார். தாய் செல் ஒன்று இரண்டாகும்போது ஒன்றுதான் அணுவாகப் போகும், மற்றது அங்கேயே தங்கும்; தயிரில் உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கிறமாதிரி. அதனால்தான் ஆணுக்குத் தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. டெங்கு தயிரைக் கவிழ்த்திருக்கும், உறையைத் தொட்டிருக்காது. அந்தப் பழைய வீக்கம் உறையையே கெடுத்திருக்கலாம். எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதா என்று உள்ளே ஊசி விட்டுத் தேடிப் பார்க்க வழி இருக்கிறது, வேறு வழிகளும் இருக்கின்றன, டாக்டர் சொல்வார் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"வீட்ல தெரியுமா?"

போன ரிப்போர்ட்டையே சொல்லவில்லை, ஆபீஸ் டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன் என்றேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன், இன்னும் ஒரு இரண்டு மாதம் போகட்டும் என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"உங்க கணக்கு ஆம்பளைக் கணக்கு சார். இன்னிக்கி இல்லன்னா ரெண்டரை மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்லலாம். அவங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவங்க, அவங்கம்மா வயித்துல இருக்கறப்பவே முட்டையெல்லாம் உள்ள வந்தாச்சு. அதுக்கப்பறம் புதுசா வராது. மாசா மாசம் குறையறது மட்டுந்தான். நீங்க டிராயர்ல வச்சிப் பூட்டுனது உங்க மாசம் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்கள் லேப் வேலையை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அதத்தான் பாக்கறேன்" என்று ரிப்போர்ட்டை என் கையில் வைத்தார். "தேதி போட்டிருக்கு. பத்திரம்."

ஆட்டோ பிடிக்கவில்லை. ஏரிப் பக்கமாக நடந்து ஆபீசுக்குப் போய் டிராயரைத் திறந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். லீவு சொன்னவன் எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் அந்த அம்மாவைத் திட்டினேன். ஒரு விஷயத்தை இருக்கிற இடத்தில் விட்டுவைக்கத் தெரியாத பொம்பளை என்று. திட்டத் திட்ட நடை வேகமானது. இரண்டு முறை எங்கள் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டில் அம்மா பொங்கலுக்கு வந்து தங்கியிருந்தார். சுதா தரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே சொன்னேன். குறை அவளுக்கு இல்லை, எனக்கு. பதினாறு வயசில் வந்த வீக்கம், வயிற்றுவலி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இரண்டு தாளையும் சுதாவிடம் கொடுத்தேன்.

அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"என் கழுத்துச் சங்கிலியக் கழட்டிப் போட்டனேடா கண்ணு" என்றார். "நாந்தான போட்டன்." மறுபடி மறுபடி அதையே சொன்னார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. சுதாவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சுதா அழவில்லை. கத்தவும் இல்லை. முதல் தாளையும் இரண்டாவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டீச்சர் கண்ணால் வரிவரியாகப் படித்தாள். முதல் தாளின் மேல் மூலையில் இருந்த தேதியில் சிவப்பு மைப் பேனா நின்றது. அந்த அம்மாவின் விரல் காலண்டரில் நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது உங்களுக்குத் தெரிஞ்சது வளைகாப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னால் என்று சொல்லிவிடலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் தேதி அவள் கையில் இருந்தது.

"முன்னாடி" என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். திருத்தாத தாள்கள் இன்னும் பாதி இருந்தன.